வாயில் கடித்த இரும்பு

என் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. முழங்கால் நோவையும் சீனி வருத்தத்தையும் கொஞ்சம் ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். உங்களில் யாராவது குதிரைக்குப் போடும் கடிவாளத்தின் இரும்பை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். கிணற்று வாளியின் கைபிடியைச் சின்ன வயதில் நக்கியிருப்பீர்கள்தானே, ஏறக்குறைய அந்த ருசி. முதலில் சில்லென்று இருக்கும். பிறகு வாயெல்லாம் எச்சில் ஊறும். பல்லில் இடித்தால் காதுவரை கூசும்.

இது ஏன் இப்போது நினைவுக்கு வந்தது என்றால், அவுஸ்திரேலியாவில் இருக்கும் பேத்தி குதிரை ஓடப் பழகுகிறாள். போன கிழமை வீடியோவில் வந்து ஒரே முறைப்பாடு. "அம்மம்மா, எனக்குத் தந்த குதிரை சரியான பலம். இழுக்க இழுக்கக் கூட ஓடுது. கொஞ்சம் கடுமையான இரும்பு போடுங்கோ எண்டு ரீச்சரிட்டக் கேட்டன். அவ சொல்லுறா, இரும்பை மாத்த வேண்டாம், உன்ர கையை மாத்து எண்டு." நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டாள். பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த ரீச்சர் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால், திருகோணமலையில், எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் இதைக் கண்டுபிடித்த ஒருத்தியை நினைத்துச் சிரித்தேன்.

அவர் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். அரசாங்க மருத்துவிச்சி. சனங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும். வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டி, கறுப்புத் தோல் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு உப்புவெளி, சாம்பல்தீவு என்று கரையோரம் முழுக்கப் பிள்ளைப்பேறு பார்க்கப் போவார். வீட்டுக்குள் வந்தால் ஆஸ்பத்திரி மணமும் வெயில் மணமும் சேர்ந்து வரும். கலகலவென்று கதைப்பார். ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டார். எங்கள் வீடு இப்போது லிங்கநகர் என்று சொல்லும் பக்கத்தில் இருந்தது. அப்பா துறைமுகக் கந்தோரில் வேலை, வீட்டு விஷயத்தில் வாய் திறக்காத மனுஷன். இந்தக் கதையிலும் அவர் வாய் திறக்கமாட்டார்.

அது கச்சான் காற்று அடிக்கும் காலம். உங்களுக்குத் தெரியும், கச்சான் வந்தால் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தினாலும் சோற்றில் மணல் நறநறக்கும். அந்தக் காற்றில், அந்த மணலில், சைக்கிள் உருளாது. ஒரு நாள் சாம்பல்தீவில் ஒரு பிள்ளைப்பேற்றுக்குக் கூப்பிட வந்தார்கள். சின்னம்மா சைக்கிளைப் பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போனார். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. தாயை மட்டும் காப்பாற்றினார். வீட்டுக்கு வந்து பையைக் கதிரையில் வைத்துவிட்டு, சேலை மாற்றாமல் அப்படியே இருந்தார். அம்மா சோறு போட்டுக் கொடுத்தார். அது ஆறிப்போனது.

அடுத்த நாள் மாமாவிடம் சொன்னார். "அண்ணா, எனக்குக் கெதியாப் போற வண்டி ஒண்டு வேணும்."

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்தவர், பக்கத்து வளவில் இருந்தார். மாட்டுவண்டிச் சவாரிப் போட்டியில் கொம்பன். அவருடைய சோடி மாடுகள் ஓடினால் மற்றவர்கள் தூசிதான் தின்பார்கள் என்று ஊரில் கதை. தன் கையால் பிண்ணாக்குக் கரைத்து வைப்பார், மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் தானும் சாப்பிடமாட்டார். அப்படி உருகுகிற மனுஷனின் வீட்டுச் சுவரில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், நுனியில் ஆணி வைத்த தடி ஒன்று தொங்கும். சவாரியில் மாட்டின் பின்புறத்தில் குத்துவதற்கு. சவாரிக்காரர் எல்லோரிடமும் அது இருந்தது. அந்த நாளில் அதை ஒருவரும் பெரிதாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

தங்கச்சி கேட்டால் மாமா மறுக்கமாட்டார். கொழும்பில் குதிரைப் பந்தயம் நின்றுபோய், ஓடிய குதிரைகளை வந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, போய் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். ஒழுங்கை முழுக்கச் சனம். பளபளக்கும் கபில நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அதன் முதுகு மாமாவின் தலை உயரத்துக்கு இருந்தது. மூக்குத் துளையால் விட்ட மூச்சு என் முகத்தில் பட்டது, சூடாக, காய்ந்த புல்லின் மணத்தோடு. எனக்கு அதன்மேல் அந்த நிமிடமே ஆசை வந்துவிட்டது. பெயர் ஒன்றும் வைக்கவில்லை. ஊரில் ஒரே ஒரு குதிரை, குதிரை என்றால் போதும்தானே.

சவாரிக்கு ஓடும் மெல்லிய இரண்டு சில்லு வண்டி ஒன்றைத் திருத்திக் குதிரைக்குப் பூட்டினார்கள். கொழும்பிலிருந்து கூடவே ஒரு கடிவாளம் வந்திருந்தது. அதன் வாயிரும்பு விரல் மொத்தம், வழுவழுப்பு, நடுவில் பூட்டு வைத்து இரண்டாக மடியும். மாமா அதைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். கிலுங்கியது.

"இது பிள்ளையளின்ர கிலுகிலுப்பை," என்றார். "இவ்வளவு பெரிய மிருகம் இதுக்கு அடங்குமோ?"

அடங்கவில்லை என்பது உண்மை. முதல் நாளே வண்டி ஒழுங்கையால் வெளிப்பட்டதும் குதிரை எடுத்தது ஓட்டம். மாமா காலிரண்டையும் முன்பலகையில் உதைந்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, கடிவாள வாரை இழுத்தார். இழுக்க இழுக்க அது கழுத்தை நீட்டி இன்னும் வேகமாகப் போனது. சந்தியில் சட்டிபானை விற்றவரின் கடை போனது. கோட்டைப் பக்கமிருந்து மேய வந்திருந்த மான்கள் பாய்ந்து சிதறின. கடற்கரை மணலில் சில்லுப் புதைந்து வண்டி தானாக நின்றபோதுதான் குதிரையும் நின்றது.

மாமா வந்து சொன்ன நியாயம் எனக்கு இன்னும் ஞாபகம். "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு. மூக்கு நொந்தால் மாடு நிக்கும். குதிரைக்கு மூக்குக் குத்த ஏலாது. அதால வாய் நோகவேணும். நோகேல்ல, அதுதான் ஓடுது." தலைமுறை தலைமுறையாக மாட்டோடு வாழ்ந்தவர்களுக்கு இதைவிட வேறு என்ன தோன்றும்? எல்லோரும் தலையாட்டினார்கள்.

கொல்லரிடம் போனார்கள். முதலில் முறுக்கிய இரும்பு. குதிரை இன்னும் வேகமாக ஓடியது. பிறகு பல்லு வைத்த இரும்பு. அதோடு நாடிக்குக் கீழே தாடையோடு இறுக்குகிற ஒரு சங்கிலி. ஒவ்வொரு முறையும் கொல்லர், "இதுக்கு நிக்காட்டி எதுக்கும் நிக்காது," என்று சொல்லியே கொடுத்தார். குதிரையின் வாயிலிருந்து வழிந்த வெள்ளை நுரை இளம் சிவப்பானது. நான் அதைப் பார்த்து அழுதேன். மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் பார்க்க முடியவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு போயிருக்கலாம், ஒரு நாள் அந்த விஷயம் நடந்திராவிட்டால். சாம்பல்தீவிலிருந்து அழைப்பு. மாமா வண்டியை ஓட்ட, சின்னம்மா பக்கத்தில், நான் பின்னால். பெண்பிள்ளையோடு இன்னொரு பெண்பிள்ளை போகவேண்டும் என்று அம்மா எப்போதும் என்னைத் துணைக்கு ஏற்றிவிடுவார். எட்டு வயதுப் பிள்ளை என்ன துணை கொடுக்குமோ தெரியாது. வண்டி சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டியது, போகவேண்டிய வீட்டையும் தாண்டியது. வாசலில் நின்றவர்கள் கையைக் காட்டிக்கொண்டே நிற்க, நாங்கள் நிலாவெளிக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு மனுசி பிள்ளையை எடுத்துக் குளிப்பாட்டியும் முடித்திருந்தார். தாயும் பிள்ளையும் சுகம். அதற்காகச் சின்னம்மா கடவுளைக் கும்பிட்டார். ஆனால் முகம் செத்துப்போயிருந்தது.

கதை ஆஸ்பத்திரிக்கும் எட்டியது. கரையோரத்துக்கு நேரத்துக்குப் போய்ச்சேர ஏலாவிட்டால் மிஸ்ஸியை டவுன் வார்ட்டுக்கு எடுப்போம் என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்துக்குப் போட வேறு ஆளும் இல்லை. அம்மாவுக்கு இது நல்லதாகப் பட்டது. தங்கச்சி வெயிலில் அலையத் தேவையில்லை, கலியாணமும் பேசலாம். கிண்ணியாவில் மாமாவுக்குப் பழக்கமான ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்தார், நானா என்றுதான் கூப்பிடுவோம். குதிரையை அவரிடம் கொடுப்பதென்று முடிவானது. பெருநாள் கழித்து வந்து கொண்டுபோகிறேன் என்று அவர் சொல்லியனுப்பினார்.

சின்னம்மா அன்று பின்னேரம் குதிரையின் வாயைப் பிளந்து, பிரசவத்துக்குக் கொண்டுபோகும் டோர்ச் லைற்றை அடித்துப் பார்த்தார். கடைவாயில் இரண்டு பக்கமும் புண். தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுத் தடவினார். அது கடிக்கவில்லை.

அடுத்த நாள்தான் எல்லாம் மாறியது, அதுவும் தற்செயலாக. வண்டியைக் கிணற்றடியிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். மாமா இறங்கி வேலிப் படலையைத் திறக்கப் போனார். வார் என் கையில். எனக்குப் பயம், கையும் நொந்தது, அப்படியே தளரவிட்டுவிட்டேன். குதிரை ஒரு பெருமூச்சு விட்டது. தலையைத் தாழ்த்தி, படலை வழியாக, அலுத்துப்போன பசுமாடு வீட்டுக்கு வருகிற மாதிரி நடந்துவந்து வாசலில் நின்றது.

மாமா வாயைப் பிளந்தார். பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், குதிரைக்குப் பிள்ளைகள் என்றால் உயிர் என்று. அன்று பின்னேரமே என்னைத் தன் மடியில் இருத்தி, வாரை என் கையில் கொடுத்து, என் கைக்கு மேலே தன் கையை வைத்து இறுக்கிப் பிடித்து ஓட்டிப் பார்த்தார். குதிரை பறந்தது. பூவரசு வேலி ஒன்றுக்குள் போய் விழுந்தோம். "பிள்ளையைக் குளிப்பாட்டினியோ? வியர்வை மணம் அதுக்குப் பிடிக்கேல்லப் போல," என்று அம்மாவிடம் கேட்டார்.

எல்லோரும் சிரிக்க, சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"காலமை வாரைப் பிடிச்சிருந்தனியோ, விட்டிருந்தனியோ?"

"விட்டிட்டன் சின்னம்மா. கை நொந்தது."

"பின்னேரம்?"

"மாமா பிடிச்சவர். எனக்கு விரல் எல்லாம் நசிஞ்சது."

அவர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு போய், மூலையில் எறிபட்டுக் கிடந்த அந்தக் கிலுகிலுப்பை இரும்பை எடுத்துவந்தார். கத்தரிக்கோல் அவிக்கும் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து அதைப் போட்டு அவித்தார். மருத்துவிச்சி புத்தி, எதையும் அவிக்காமல் தொடமாட்டார். ஆறவைத்து, முருங்கை மரத்தடிக்குப் போய், வார் இரண்டையும் தோளுக்கு மேலால் என்னிடம் தந்தார். இரும்பைத் தன் வாயில் வைத்துக் கடித்தார். கையால் சைகை காட்டினார், இழு என்று.

இழுத்தேன். அவருடைய கழுத்து விறைத்தது. நாடி முன்னால் போனது. அப்படியே குனிந்து, என்னையும் இழுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனார். கோழிகள் கத்திக்கொண்டு பறந்தன. கிணற்றுக் கட்டில் முட்டித்தான் நின்றோம்.

இரும்பை எடுத்து வாயைத் துடைத்தார். "இழுக்க இழுக்க எனக்கு முன்னால போகவேணும் போலதான் கிடந்தது. நிக்கவேணும் எண்டு ஒரு எண்ணமும் வரேல்ல. இப்ப இப்பிடிச் செய். ஒருக்கா மெல்லமாப் பிடி. உடன விடு. திரும்பப் பிடி. விடு."

பிடித்தேன், விட்டேன். மூன்றாம் தரமோ என்னவோ, அவர் நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

"பிள்ளை," என்றார், "நீ விட்ட நேரந்தான் எனக்குக் காது கேட்டது."

பிறகு என் முறை. அந்த ருசியைப் பற்றி முதலே சொல்லிவிட்டேன். கடைசியாகப் பல்லு வைத்த இரும்பையும் அவித்துத் தன் வாயில் வைத்தார். வாரை என்னிடம் தரவில்லை, தானே ஒரு விரலால் தொட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உதட்டோரம் கீறி இரத்தம். "இதை என்ர வாயில போட்டால் நானும் நிலாவெளிக்கு ஓடுவன்," என்றார்.

அந்த நேரம் பார்த்து அம்மா விளக்குமாற்றோடு வந்தார். "ரெண்டு பேருக்கும் விசரோ? கலியாணம் கட்டவேண்டிய பெட்டை வாயில இரும்போட நிக்குது. ஆரும் கண்டால் என்ன கதைப்பினம்?"

"ஆரும் கண்டால் அவையின்ர வாயிலயும் வைப்பம் அக்கா," என்றார் சின்னம்மா.

பேத்தி பிறகு சமாதானமாகி, ரீச்சர் சொன்ன இன்னொன்றையும் சொன்னாள். பந்தயத்தில் ஓடுகிறவர்கள் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவார்களாம். இறுக்கம் என்றால் ஓடு என்றுதான் அந்தக் குதிரைகளுக்குப் பழக்கம். பாருங்கள், மாமா உயிரைக் கொடுத்து இழுத்ததெல்லாம் அதன் காதில் ஓடு, ஓடு என்றுதான் விழுந்திருக்கிறது. பாவம் அந்த மிருகம். சொன்னபடி செய்ததற்காக வாய் கிழிந்தது. சின்னம்மாவுக்கு இந்தப் பந்தயக் கதை எதுவும் தெரியாது. தன் வாயை நம்பினார், அவ்வளவுதான்.

பெருநாள் வரை அவகாசம் இருந்தது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் சின்னம்மா, வாய்ப்புண் படாமல் அந்த வழுவழுப்பு இரும்பைத் துணி சுற்றிப் போட்டு, உப்புவெளிக் கடற்கரைக்குக் குதிரையைக் கொண்டுபோவார். மாமாவுக்குச் சொல்லவில்லை. ஈர மணலில் வட்டமாக நடத்துவார். நேர்கோட்டில் விட்டால் ஓட்டம் ஏறும், வளைத்துக்கொண்டே இருந்தால் அது காலைப் பார்த்து வைக்கவேண்டும், யோசிக்கவேண்டும். நடை, நில், நடை, கொஞ்சம் ஓட்டம், திரும்ப நடை. நிற்பதற்கு முன்னால் தானே முதுகை நிமிர்த்தி ஒரு நெடுமூச்சு விடுவார். பிறகு வாரை ஒரு பிடி, ஒரு விடுகை. நின்றால் அந்தக் கணமே கை தளரும், கழுத்தில் ஒரு தடவல், சேலைத் தலைப்பிலிருந்து ஒரு துண்டு பனங்கட்டி. சில நாளில் அவர் மூச்சு விட்டாலே அது நிற்கத் தொடங்கியது. வாரைத் தொடத் தேவையிருக்கவில்லை.

கரைவலை இழுக்கிறவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் ஒரு நாள் கேட்டார், "மிஸ்ஸி, குதிரையைச் செக்கில கட்டிப்போட்டியளோ?"

"ஓம், எண்ணெய் வந்தால் உங்களுக்கும் ஒரு போத்தல் தாறன்."

அவர்களும் அலை வரும்போது இழுத்து, அலை திரும்பும்போது கயிற்றை விட்டுக்கொடுத்துத்தான் வலையைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நான் அதைக் காட்டினேன். சின்னம்மா தலையாட்டினார். "பிள்ளைப்பேறும் உதுதான். நோ வரேக்க முக்கச் சொல்லுறம். விட்ட நேரத்தில மூச்சு வாங்கச் சொல்லுறம். அந்த விட்ட நேரம் இல்லையெண்டால் ஒரு தாயும் தாங்கமாட்டா." எனக்கு அது அப்போது விளங்கவில்லை. இரண்டு பிள்ளை பெற்ற பிறகு விளங்கியது.

பெருநாள் முடிந்தது. நானா வந்தார். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, பாதை என்று சொல்லும் மிதவையில்தான் கடக்கவேண்டும். குதிரையை அதில் ஏற்றிப் பொழுதுபடுவதற்குள் போகவேண்டும் என்று மத்தியானத்துக்கு முன்னமே வந்துவிட்டார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். மாமா பல்லு வைத்த கடிவாளத்தை எடுத்துவைத்திருந்தார், இதைப் போட்டுத்தான் கொண்டுபோகவேண்டும் என்று நானாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் சாம்பல்தீவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து விழாத குறையாக இறங்கினார்.

"மிஸ்ஸி, பிள்ளையின்ர கால்தான் முதல்ல தெரியுது. கெதியா வாங்கோ."

சின்னம்மா பையை எடுத்தார். குதிரைக்கு வழுவழுப்பு இரும்பைப் போட்டு வண்டியில் பூட்டினார். மாமா மறித்தார். "தங்கச்சி, உனக்கென்ன விசரோ? காரைப் பிடிப்பம்."

"கார் தேடுறதுக்குள்ள அங்க ஒரு உயிர் போயிடும் அண்ணா. விலகுங்கோ."

மாமா விலகவில்லை, ஏறிவிட்டார். பல்லு வைத்த கடிவாளத்தையும் வண்டிக்குள் எறிந்தார், வழியில் மாற்றலாம் என்று. நானும் தொற்றி ஏறினேன். துணைதானே.

உப்புவெளி வரை நல்ல ஓட்டம், சீரான ஓட்டம். மாமா ஆச்சரியமாகச் சின்னம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்போது துறைமுகத்துச் சங்கு ஊதியது, மத்தியானச் சங்கு. நாங்கள் பழக்கியது விடியலில், ஓட்டத்துக்கு நடுவில் அந்தச் சத்தத்தை அது ஒரு நாளும் கேட்டதில்லை. குதிரை துள்ளி எடுத்தது. வண்டி ஒரு பக்கமாகத் தூக்கி அடித்தது, என் பல் நாக்கில் கடிபட்டது. முன்னால் சாம்பல்தீவுப் பாலம். ஒடுங்கிய பாலம். அந்தப் பக்கத்திலிருந்து வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பாலத்துக்கு ஏறிவிட்டது.

"இழு, இழு," என்று மாமா கத்தினார். இரண்டு கையாலும் வாரைப் பிடித்துவிட்டார். குதிரையின் கழுத்து நீண்டது. வேகம் இன்னும் கூடியது.

"கையை எடுங்கோ அண்ணா."

சின்னம்மா அண்ணனோடு அப்படிக் கதைத்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சத்தமில்லை. ஆனால் மாமாவின் கை தானாக விலகியது.

சின்னம்மா வாரை விட்டார். பாலம் வருகிறது, வைக்கோல் வண்டி வருகிறது, கையில் வார் தளர்ந்து கிடக்கிறது. மாமா முருகா என்று கண்ணை மூடிவிட்டார். நான் மூடவில்லை. சின்னம்மா முதுகை நிமிர்த்தினார். ஒரு பிடி, ஒரு விடுகை. இன்னொரு பிடி, விடுகை. அந்த நெடுமூச்சு. குதிரையின் ஒரு காது பின்னால் திரும்பியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அதற்குக் காது கேட்டுவிட்டது. கழுத்து இறங்கியது. பாய்ச்சல் ஓட்டமானது, ஓட்டம் நடையானது. பாலத்தின் வாயில் குதிரை நின்று, வைக்கோல் வண்டிக்கு வழி விட்டது. வண்டிக்காரர் ஒன்றும் அறியாமல் பீடியை இழுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார்.

கூப்பிட்ட வீட்டு வாசலில், சரியாக வாசலில், வண்டி நின்றது. சின்னம்மா பையோடு உள்ளே ஓடினார்.

நாங்கள் வெளியே இருந்தோம். உள்ளே அந்தப் பெண்ணின் குரல் ஏறி ஏறி இறங்கியது. நடுவில் சின்னம்மாவின் குரல், "இப்ப விடம்மா, மூச்சை வாங்கு, காணும்." நான் குதிரைக்குத் தண்ணீர் கொண்டுவர அயல் வீட்டுக் கிணற்றுக்குப் போனேன். வாளியோடு திரும்பி வரும்போது மாமாவைக் காணவில்லை. வண்டிக்குப் பின்னால் பார்த்தேன்.

வேப்ப மரத்தடியில் மறைவாக நின்றுகொண்டிருந்தார். பல்லு வைத்த இரும்பு அவருடைய வாயில் இருந்தது. வார் இரண்டையும் தன் கையாலேயே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது, கன்னத்தால் தண்ணீர் ஓடியது. சின்னம்மா ஒரு விரலால் தொட்டதைத்தான் நான் கண்டிருந்தேன். மாமா இழுத்தது அவர் குதிரையை இழுத்த இழுவை. நான் சத்தம் போடாமல் வாளியோடு மற்றப் பக்கத்தால் போய்விட்டேன். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுத சத்தம் கேட்டது. ஆண்பிள்ளை. தாயும் தப்பிவிட்டாள். சின்னம்மா முழங்கைவரை கழுவிக்கொண்டு வெளியே வந்து, முதலில் குதிரையிடம்தான் போனார். நெற்றிப் பொட்டில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். எனக்கு அந்த இரண்டு பேர் மேலும் வந்த பெருமையைச் சொல்ல இப்போதும் வார்த்தை இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது நானா எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து நித்திரை தூங்கிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தத்தில் விழித்து, தளர்ந்த வாரோடு குதிரை படலைக்குள் நடந்து வருவதைப் பார்த்தார்.

"நானா, குறை நினைக்காதேங்கோ," என்றார் மாமா. அவருடைய உதடு வீங்கியிருந்தது. "குதிரையைத் தர ஏலாது."

"நீங்க தந்தாலும் நான் கொண்டுபோக மாட்டன் தம்பி," என்றார் நானா, எழும்பிச் சால்வையை உதறிக்கொண்டு. "என்ட கையில இது ஓடும். தங்கச்சிட கையில நிக்கும். எனக்கு ஓடுற குதிரைக்கு எங்க இடம்?"

அதற்குப் பிறகு நெடுங்காலம் அந்த வண்டி கரையோரம் ஓடியது. சின்னம்மாவை டவுனுக்கு எடுக்கவில்லை. கலியாணமும் செய்தார், தன் விருப்பத்துக்கு, கடற்கரையில் குதிரையோடு நின்றபோது கண்டு, மனதுக்குப் பிடித்துப்போன ஒருவரை. அந்த வண்டி, கறுப்புப் பை, கிலுகிலுப்பை இரும்பு ஒன்றும் இப்போது இல்லை. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போய் வந்தபோது வீடே இருக்கவில்லை, இரும்பைத் தேடுவதா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த வருஷம் மழை முடிந்து சவாரி வந்தது. மாமா சுவரிலிருந்து தடியை எடுத்தார். நுனியில் ஆணி இல்லை. பிடுங்கிய ஓட்டை மட்டும் இருந்தது. சவாரியில் அவருடைய மாடுகள் நன்றாகத்தான் ஓடின, ஆனால் மற்றச் சோடி முந்திவிட்டது. மாமா தோற்றதை ஊர் அன்றுதான் முதலில் கண்டது.

பின்னேரம் சவாரிக்காரர்கள் எங்கள் முற்றத்தில் கூடி இருந்தார்கள். சின்னம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். ஒருவர் மாமாவை நக்கலடித்தார். "ஆணியைப் பிடுங்கிப்போட்டு ஓடினால் மாடு எப்பிடி ஓடும்? வயசு போகப் போகக் கொம்பனுக்கும் நெஞ்சு இளகிப்போச்சு." எல்லோரும் சிரித்தார்கள்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. மாடுகளின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்தா, அலுமாரிக்கு மேல ஒரு பல்லு வைச்ச இரும்பு கிடக்கு. ஆருக்கு வேணுமோ எடுத்து வாயில வைச்சு ஒருக்கா இழுத்துப் பாத்திட்டு வாங்கோ. பிறகு கதைப்பம்."

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சின்னம்மாவின் கையில் கேத்தல் அப்படியே நின்றது. மாமாவைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.